லூர்து என்னும் சிற்றூர்

லூர்துசாமி என்றும் லூர்தம்மாள் என்றும் பெயர் பூண்டவரை அறியாத தமிழர் நம் நாடுகளில் மிகச் சிலரே இருப்பர். பள்ளியில் நம்மோடு ஒரே பலகையில் அமர்ந்தவருள் ஒருவர் அப்பெயரினர். தோட்டத்தில் நம் அலுவலகத்துக்கு நாள்தோறும் தேநீர் கொண்டு வந்து கொடுத்த முதியவரும் அப்பெயரினரே. ஆயினும் அப்பெயரின் பொருள் யாதென்று முப்பத்தாறு வயதளவும் நாம் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்ற எண்ணமே எழவில்லை என்பதுதான் உண்மை.

சென்ற வைகாசியில் நம் பள்ளித் தோழர் ஒருவரின் தங்கைக்கு ஓஃபியர் சாலையிலுள்ள லூர்து மாதா கோயிலில் திருமணம் நடந்தது. அதற்கென வெள்ளிக்கிழமை மாலை ஜொகூர்ப் பாலங் கடந்து சிராங்கூனிலுள்ள நம் சின்னம்மா வீட்டிற்கு வந்து சேர்ந்தோம். ஊரெல்லாம் வேலை தேடி ஜொகூரிலிருந்து சிங்கைக்கு வர, சிராங்கூனிற் பிறந்து ஆங்கிலப் பாடசாலையிற் படித்த நாம் மட்டும் எதிர்த் திசையிற் சென்று ஒரு செம்பனைத் தோட்டத்திற் கிராணி உத்தியோகம் பார்ப்பது சின்னம்மாவுக்கு இன்றளவும் தீராத குறை. மாமனார் வீடு அந்தப் பக்கம் என்பதே காரணம். வேறு பெருங் கொள்கை ஒன்றுமில்லை.

இரவு உணவின்போது சின்னம்மா வினவினார்: "லூர்துங்கிறது அந்த அம்மா பேரா தம்பி, இல்ல ஊர் பேரா?"

நமக்கு விடை தெரியவில்லை. பிரெஞ்சு நாட்டின் தலைநகரம், அதன் நடுவே ஓடும் ஆறு, அங்குள்ள இரும்புக் கோபுரத்தின் உயரம் ஆகியவற்றைப் பத்து வயதிலேயே மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவர் நாம். நம் இனத்தாருட் பல்லாயிரவர் தம் பெயராகச் சுமந்து திரியும் ஊர் எது என்பதை மட்டும் அப்பாடசாலை நமக்குச் சொல்லித் தரவில்லை. நாமும் அதைப் பற்றி வருந்தியதில்லை. "ஊர் பேராகத்தான் இருக்க வேண்டும்" என்று மழுப்பிவிட்டு, மறுநாட் காலை விக்டோரியா வீதியிலுள்ள தேசிய நூலகத்துக்குச் சென்றோம். மாலையில் திருமணம், நூலகத்திலிருந்து கோயில் சிறிது தூர நடையே.

தேக்காவிலிருந்து நடந்து செல்வோர்க்கு ஒரு செய்தி புலப்படும். சிராங்கூன் சாலைப் பகுதி இன்று மின்விளக்கும் தங்கக்கடையுமாக விளங்கினும், அதன் பெயர்களெல்லாம் ஒரு பட்டிக்காட்டின் பெயர்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தமையால் முன்னையோர் இவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். ஆங்கிலத்தில் எருமையின் பெயரால் ஒரு தெரு. அதற்கு அருகிலேயே மலாய் மொழியில் அதே எருமையின் பெயரால் மற்றொரு தெரு. குதிரைப் பந்தயம் 1933-ஆம் ஆண்டிலேயே புக்கித் தீமாவுக்குப் போய்விட்டது. பந்தயத் திடலின் பெயர் கொண்ட சாலை மட்டும் மீன் தலைக் கறிக்குப் பேர்போன உணவுக்கடைகளோடு இங்கேயே நிற்கிறது. காளவாயும் எருமையும் குதிரையும் போயின. அவற்றின் பெயரை எழுதி வைத்தவர் இருந்தமையால் பெயர் தங்கிற்று.

ஓஃபியர் சாலை என்பதும் ஒரு மலையின் பெயரே. நம் தோட்டத்து அலுவலகத் திண்ணையில் நின்றால் மேகமற்ற நாளில் தெரியும் குனோங் லேடாங் மலையை வெள்ளையர் ஓஃபியர் என்றழைத்தனர். பாலங் கடந்து ஓடி வந்தும் நம் மலை நம்மை விடவில்லையே என்று நகைத்துக் கொண்டோம்.

இனி நூலகத்திற் கண்டதைச் சொல்வோம்.

பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயினிலிருந்து அதனைப் பிரிக்கும் பிரனீஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், காவ் என்னும் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூரே லூர்து. 1858-ஆம் ஆண்டில் அதன் மக்கள் நாலாயிரம் பேர் அளவினர். கல்லுடைப்போர், ஆலை வைத்து மாவரைப்போர், ஆடு மேய்ப்போர், கூலிகள் ஆகியோரே பெரும்பாலோர். ஊர் நடுவே பாறைமேல் ஒரு பழங்கோட்டை உண்டு. அக்காலத்தில் வெளியூரார் அவ்வூரைக் கோட்டையைக் கொண்டே அறிந்தனர். இன்றும் அக்கோட்டை நிற்கிறது; உள்ளே மலைநாட்டு மக்களின் பொருட்காட்சிச் சாலை உள்ளது. ஆயினும் கோட்டையைக் காண்பதற்கென்று எவரும் கடல் கடந்து லூர்துக்குச் செல்வதில்லை.

அவர்கள் காணச் செல்லும் இடங்கள் மூன்று. மூன்றும் ஏழையின் இடங்கள்.

ஒன்று, போலி என்னும் பெயருடைய நீராலை. (பெயர்தான் போலி, ஆலை மெய்.) அங்கே 1844 சனவரி ஏழாம் நாள் பெர்னதெத் சுபிரூ என்னும் பெண் பிறந்தாள். தந்தை மாவரைப்பவர். நொடித்துப் போய் ஆலையை இழந்து அன்றாடக் கூலியானார். ஒருமுறை மாவு திருடினார் என்ற ஐயத்தின்பேரிற் சிறையிலும் இருந்து, பின்னர் விடுதலை பெற்றார்.

இரண்டாவது, அக்குடும்பம் போக்கிடமின்றிக் குடியேறிய அறை. அஃது ஊரின் பழைய சிறை. உடல்நலத்துக்கு ஒவ்வாதென்று கைதிகளையே வெளியேற்றிவிட்டு மூடிய அறை அது. கைதிக்கு ஆகாதது ஏழைக்கு ஆயிற்று. தாய், தந்தை, பிள்ளைகள் நால்வர் ஆக ஆறு பேர் அதில் வாழ்ந்தனர். அறையின் பரப்பு ஏறக்குறையப் பதினாறு சதுர மீட்டர் என்று படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தோம். நம் தோட்டத்துப் பழைய லயத்தின் அறைகளை அளந்து குறித்தவர் நாமே. அவ்வெண்ணுக்கும் இவ்வெண்ணுக்கும் இடையே அதிக வேற்றுமை இல்லை.

மூன்றாவது, மசபியேல் குகை. பழம்பாறை என்பது அப்பெயரின் பொருள். ஊர்ப் பன்றிகள் மழைக்கு ஒதுங்கிய இடம். ஆறு அடித்து வந்த குப்பை ஒதுங்கிய இடம். 1858 பிப்ரவரி பதினொன்றாம் நாள் தன் தங்கையோடும் ஒரு தோழியோடும் விறகு பொறுக்கச் சென்ற பெர்னதெத், அக்குகையில் ஒளியோடு ஓர் உருவத்தைக் கண்டதாகச் சொன்னாள். அவ்வாண்டு சூலை வரை பதினெட்டு முறை கண்டதாக உரைத்தாள்.

அற்புதங்களில் நமக்கு நம்பிக்கை இல்லை, அதனை மறைப்பானேன்? நோய் தீர்ந்ததாகச் சொல்லப்படும் ஆயிரக்கணக்கான செய்திகளுள், திருச்சபையே ஆராய்ந்து ஏற்றுக் கொண்டவை எழுபதை ஒட்டிய எண்ணிக்கையின என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. ஈளையால் வருந்திய பெர்னதெத்தே முப்பத்தைந்து வயதில், 1879-இல், பிணியால் இறந்தாள். நம்மைக் கவர்ந்தது அவள் கண்டதாகச் சொன்ன காட்சியன்று. அதனைச் சொன்ன விதம்.

பெர்னதெத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. இதனைப் படித்தபோது நாம் வியப்புற்றோம். பிரெஞ்சு நாட்டில், பிரெஞ்சு அரசின் கீழ்ப் பிறந்த பதினான்கு வயதுப் பெண் பேசியது மலையடிவாரத்து வட்டார மொழி. பள்ளியும் அலுவலகமும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்தன. வீடும் ஆலையும் சந்தையும் அவ்வட்டார மொழியில் நடந்தன. அவளுக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. தான் கண்ட உருவத்துக்கு அவள் ஒரு பெயரும் இடவில்லை. தன் மொழியில் 'அக்கேரோ' என்றாள். 'அது' என்பதே அதன் பொருள்.

பிப்ரவரி இருபத்தொன்றாம் நாள் மாலை, ஊர்க் காவல்துறை ஆணையர் ஜக்கோமே என்பார் அவளைத் தம்மிடம் அழைத்து வந்து விசாரித்தார். கொடியவரல்லர், கடமையிற் கண்ணுடைய உத்தியோகஸ்தர். கூட்டம் கூடுகிறது, ஏதேனும் நேர்ந்தால் மேலிடம் கேட்கும். ஆகவே வினாக்களைத் தொடுத்து விடைகளைத் தாளிற் குறித்தார். பின்னர் தாம் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினார். அதில் 'கன்னி மரியாள்' என்றிருந்தது. தான் அவ்வாறு சொல்லவில்லை என்று அவள் மறுத்தாள். அவர் வேறு சில செய்திகளையும் மாற்றிப் படித்தார். ஒவ்வொன்றிலும் அவள் குறுக்கிட்டுத் திருத்தினாள். இதைச் சொல்லவில்லை, அதைச் சொன்னேன், தாங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள் என்று, ஊரே அஞ்சிய ஓர் அதிகாரியின் முகத்துக்கு நேரே, அச்சிறுமி உரைத்தாள்.

அவ்வாண்டே குகைக்கு வேலி அடைத்தனர். மக்கள் பிடுங்கினர், மீண்டும் அடைத்தனர். அக்டோபரில் அரசர் மூன்றாம் நெப்போலியன் ஆணையால் வேலி அகன்றது. 1866-இல் இருப்புப்பாதை வந்தது. பன்றி ஒதுங்கிய பாறைமேல் பெருங்கோயில் எழுந்தது. இன்று அவ்வூரில் நிலையாக வாழ்வோர் பதினாலாயிரம் பேர்கூட இலர். ஆண்டுதோறும் வந்து போவோரோ இலட்சக்கணக்கினர். தங்கும் விடுதிகளின் தொகையிற் பாரிசுக்கு அடுத்தது லூர்தே என்பர். கடைவீதியில் மாதா உருவில் வார்த்த போத்தல்களில் ஊற்று நீரை நிரப்பிச் செல்கின்றனராம். ஏழைப் பெண்ணின் பெயரால் யார் யாரோ பிழைக்கின்றனர். இது நம் நாட்டிலும் காணாத காட்சியன்று.

அவ்வூர்ப் பெயர் நம்மிடம் வந்த வழியும் நெடியதன்று. அந்நாளிற் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு மேற்கே வில்லியனூரில் 1877-இலேயே லூர்து மாதாவுக்குக் கோயில் எழுந்துவிட்டது. பெர்னதெத் அப்போது உயிரோடிருந்தாள் என்பதை எண்ணிப் பார்க்க. சிங்கைக்கு வந்த தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு குயின் வீதிக் கோயிலைச் சீனரோடு பகிர்ந்து வந்தனர். தமக்கெனத் தமிழில் வழிபட ஓரிடம் வேண்டுமென்று, பிரெஞ்சுப் பாதிரியார் மெனுவ்ரியே முயற்சியால் 1886-இல் அடிக்கல் நாட்டி 1888-இல் ஓஃபியர் சாலைக் கோயிலை முடித்தனர். லூர்துப் பெருங்கோயிலின் சாயலிலேயே அதனைக் கட்டினர். 2005-இல் அரசினர் அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தனர். தமிழ்ப் பூசை இன்றும் அங்கு நடைபெறுகிறது.

மாலை நான்கு மணிக்குக் கோயிலை அடைந்தோம். மணமகள் வரவு, எங்கும் போலவே, தாமதமாயிற்று. பலகையில் அமர்ந்திருந்தோம். நம் மனம் திருமணத்தில் இல்லை. ஜக்கோமே என்பாரிடத்திலேயே நின்றுவிட்டது. அவரும் ஒரு வகையிற் கிராணியே என்ற எண்ணம் வந்து, வந்தபின் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நம் தோட்டத்தில் ஒரு பகுதியை வீட்டு மனைகளுக்கென விற்றுவிட்டனர். அப்பகுதியில் பழைய லயம் ஒன்று உள்ளது. பால்மரக் காலத்துக் குடும்பங்கள் சில இன்னும் அதில் உள்ளன. அவர்களுக்கு வேறு வீடு தருவதாக ஏற்பாடு. குடும்பந்தோறும் வாக்குமூலம் எழுதி வாங்கும் பணி நம்மைச் சேர்ந்தது. படிவம் ஆங்கிலத்தில் அச்சிட்டது. பெயர், அறை எண், குடும்பத்தினர் தொகை, அகற்ற வேண்டிய பொருள்கள், ஆட்சேபம் ஆகிய கட்டங்கள் அதில் இருந்தன. ஒரே நாளிற் பத்தொன்பது குடும்பங்களை முடித்தோம். விரைவுக்காக மேலிடம் பாராட்டியது.

பதினேழாவதாக வந்தவர் ஒரு மூதாட்டியார். வயது எழுபத்தொன்பது. அரைமணி நேரம் பேசினார். லயத்தின் பின்புறம், தூர்ந்த கிணற்றருகே உள்ள ஒரு கல்லைப் பற்றியே பேச்சு. சயாம் இரயில் பாதைக்கு ஜப்பானியர் ஆள் பிடித்துச் சென்றபோது அவர் குடும்பத்திலும் ஒருவர் போனார், திரும்பவில்லை, உடலும் கிட்டவில்லை, போர் முடிந்தபின் மூதாட்டியாரின் தந்தை அக்கல்லை நட்டார், ஆண்டுதோறும் ஒரு நாள் விளக்கேற்றுவது வழக்கம். "அந்தக் கல்ல எங்க கொண்டு போய் வெப்பாங்க கிராணி? கேட்டு எழுதுங்க" என்றார்.

நாம் எழுதினோம். அகற்ற வேண்டிய பொருள்கள்: வழிபாட்டுக் கல் ஒன்று. ஆட்சேபம்: இல்லை. அவர் பெருவிரல் ரேகை வைத்தார். அவருக்கு நாம் படித்துக் காட்டவில்லை. சம்பளப் பட்டியல் முடிக்க வேண்டியிருந்தது. அவருக்கோ ஆங்கிலம் தெரியாது. படித்துக் காட்டி என்ன பயன் என்று நினைத்தோம். தமிழிற் கேட்டு, ஆங்கிலத்தில் நினைத்து, கட்டத்துக்குள் அடங்குமளவு எழுதுவது நம் படிப்பு நமக்குத் தந்த திறமை. அதற்காகவே நமக்குச் சம்பளமும் தருகின்றனர்.

சயாமிலுள்ள பான்போங் முதல் பர்மாவிலுள்ள தன்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர்ப் பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அதில் மடிந்த ஆசியத் தொழிலாளர் தொண்ணூறாயிரவர் அளவினர் என்று கணிப்பர். அவருள் மலாயாத் தோட்டங்களினின்று சென்ற தமிழர் பெருந்தொகையினர். 1914 முதல் 1918 வரை நடந்த போருக்குப்பின், பிரெஞ்சு நாட்டில் ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும், ஐந்நூறு பேர் வாழும் குக்கிராமமாயினும், மாண்டவர் பெயரை வரிசையாகப் பொறித்துக் கல் நாட்டினர். அப்போரில் மாண்ட பிரெஞ்சு இந்தியர்க்குப் புதுச்சேரிக் கடற்கரையிலும் 1938-இல் நினைவுச் சின்னம் எழுப்பினர். நம் தோட்டத்தில் அத்தகைய பட்டியல் ஏதுமில்லை. எழுத்தில்லாத ஒரு கல் மட்டும் இருந்தது. அதையும் நாம் ஒரு கட்டத்துக்குள் அடைத்து, ஆட்சேபம் இல்லை என்று எழுதி அனுப்பினோம்.

மணமகள் வந்தாள். எல்லோரும் எழுந்தனர், நாமும் எழுந்தோம். தமிழிலே பாடினர். தோழரின் தங்கை தன் இசைவைத் தமிழிற் சொன்னது கடைசிப் பலகை வரை தெளிவாகக் கேட்டது.

அன்றிரவு சின்னம்மாவிடம், "லூர்து ஊர் பேருதான் சின்னம்மா" என்றோம். மூன்று இடங்களையும் பற்றிச் சொன்னோம். அற்புதத்தைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. "சிறைக்கூடத்துல குடியிருந்த பிள்ளையா?" என்று இரண்டு முறை கேட்டார். அவரும் ஒரு காலத்திற் சிராங்கூனில் ஒரு கடைமாடியில் ஓர் அறையில் எண்மராக வாழ்ந்தவரே.

திங்கட்கிழமை மாலை வேலை முடிந்தபின் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தோம். மூதாட்டியார் சொன்னவற்றை நினைவில் இருந்தவரை தமிழில் எழுதினோம். கட்டம் இல்லாத தாளில் எழுதக் கை தயங்கிற்று. அவர் அரைமணி நேரம் பேசியதை ஒரு பக்கத்துக்குமேல் நீட்ட நமக்குத் தெரியவில்லை. லயத்துக்குச் சென்று வாயிற்படியில் அமர்ந்து, "ஆயா, நீங்க அன்னிக்குச் சொன்னத எழுதிக்கிட்டு வந்திருக்கேன், படிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லுங்க" என்றோம்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார்.

சயாமுக்குப் போனவர் தங்கள் தந்தையாரின் அண்ணன் என்று படித்தோம். "அண்ணன் இல்ல, தம்பி. எங்கப்பாவுக்குக் கீழ" என்றார். திருத்தினோம். கல் கிணற்றுக்கு மேற்கே உள்ளது என்று படித்தோம். கிழக்கே என்றார். அறுபது ஆண்டு அங்கே தண்ணீர் இறைத்தவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். திருத்தினோம். குடும்பத்தார் தெய்வமாக வழிபடும் கல் என்று நாம் எழுதியிருந்த வரியைப் படித்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சாமி இல்ல கிராணி. யாரு உங்களுக்குச் சாமின்னு சொன்னது? அது எங்க சித்தப்பா."

அவ்வரி முழுவதையும் அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினோம். சித்தப்பாவின் பெயரைக் கேட்டோம், சொன்னார், எழுதினோம். படிவத்தில் அப்பெயருக்கு இடமே இல்லாதிருந்தது. இந்தத் தாளை முன்னைய படிவத்தோடு சேர்க்குமாறு மேலிடத்துக்கு எழுதி அனுப்பப் போவதாகச் சொன்னோம். அதற்கு விடை இன்னும் வரவில்லை. நிலத்தைச் சமன் செய்யும் இயந்திரங்கள் மழை நின்றபின் வரும் என்கின்றனர். அன்று மூதாட்டியார் அவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முதலிலிருந்து இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தோம். இம்முறை எங்கும் குறுக்கிடவில்லை. மை டப்பியை எங்கே என்று தாமே கேட்டு வாங்கி, தாளின் அடியில் விரலை ஊன்றினார்.